வெள்ளிக்கிழமை விழுந்த கீறல்

அந்தக் கீறல் சின்னது என்று எனக்குச் சொல்லாதவர் மாத்தளையில் யாரும் இல்லை. அப்பா சொன்னார். அம்மா சொன்னாள். போஸ்ட் மாஸ்டர் சொன்னார். அதைக் கண்ணால் பார்க்காதவர்களும் சொன்னார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் கடை முதலாளி. எனக்கு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. இத்தனை வருஷம் கழிந்தும் அந்தப் பேச்சுகளை நினைத்தால் காது சூடாகிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. மாத்தளைத் தபால் கந்தோரின் பின்னறையில் இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கயிறுகளை இழுத்து இழுத்து ஓட்டைகளில் செருகி, ஊரில் உள்ளவர்களை ஒருவரோடு ஒருவர் பேச வைக்கிற வேலை. இந்திய வம்சாவளிக்காரரான அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் எனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. ஆனால் சிங்களப் பரீட்சை பாஸாகாத ஊழியருக்குச் சம்பள உயர்வு கிடையாது என்று சட்டம் வந்திருந்தது. சிங்களம் பேச எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. மாத்தளையில் பிறந்த பிள்ளைக்கு அது தெருவிலேயே வந்துவிடும். எழுதுவதுதான் சங்கடம். கந்தோர்க் கடிதம் எழுதுகிற சிங்களத்தைத் தெருவில் யாரும் பேசுவதில்லை. டியூட்டி முடிந்து வந்து, குப்பி விளக்கில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதி எழுதிப் பழகினேன். தவறித் தவறி, கடைசியில் பாஸானேன். நிறுத்தி வைத்திருந்த உயர்வெல்லாம் சேர்ந்து ஒரே தரத்தில் கைக்கு வந்தது.

அந்தக் காசில் ஒரு நல்ல வாச் வாங்குவது என்று பரீட்சை எழுதும்போதே முடிவு செய்திருந்தேன். எக்ஸ்சேஞ்சில் சுவர்க் கடிகாரம் எங்கள் முதுகுப் பக்கம் இருந்தது, ட்ரங்க் காலுக்கு நேரம் பார்க்கத் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிக்கும் என்று வீட்டில் காரணம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் எனக்கு ஆசையாக இருந்தது என்பதுதான் சரியான காரணம். இருபத்தெட்டு வயதில், என் சம்பளத்தில், எனக்கென்று ஒரு விலை உயர்ந்த சாமான். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சோடி வளையல் செய்தால் நாளைக்கு உதவும் என்றாள். நாளைக்கு என்று அவள் சொன்னது என் கல்யாணத்தை.

பயிற்சிக்காகக் கொழும்புக்கு அனுப்பியிருந்தபோது கோட்டைப் பகுதியில் ஒரு கடையில் அதை வாங்கினேன். சுவிஸ் வாச். சின்ன முகம், தங்க முலாம். செயின் மீன் செதில் போலக் கண்ணி கண்ணியாகக் கோத்தது. கையில் போட்டதும் தண்ணீர் மாதிரி வழிந்தது. கடைக்காரர் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "சில கண்ணி கழட்டணும் மிஸ், வச்சிட்டுப் போங்க, நாளைக்குத் தாறேன்" என்றார். எனக்கு அன்றைக்கே ரயில். எந்த நல்ல கடையிலும் செய்வார்கள் என்று சொல்லித்தான் அவர் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

மாத்தளைக்கு வந்து சில நாள் அப்படியே போட்டேன். மேல் வரிசை ஓட்டைக்குக் கையை உயர்த்தினால் வாச் முழங்கைக்கு ஓடிவிடும். என் பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்த ஆபரேட்டர், நான் அக்கா என்று கூப்பிடுகிற சிங்களப் பெண், "இதைக் கழுத்தில் போட்டுக்கொள், பொருத்தமாக இருக்கும்" என்று சிரித்தார். எங்கள் பேச்சு எப்போதும் சிங்களத்தில்தான். அவர்தான் பரீட்சைக்கு என் எழுத்தைத் திருத்திக் கொடுத்தவர்.

திருகோணமலை வீதியில் ஒரு பெரிய கடிகாரக் கடை இருந்தது. முதலாளி நம் ஆள். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், கோவில் திருவிழாவில் எப்போதும் முன் வரிசை. அவருடைய மச்சானின் ஸ்டோரில்தான், மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிற இடத்தில், அப்பா கணக்கெழுதினார். ஆகவே அந்தக் குடும்பத்தின் பெயர் எங்கள் வீட்டில் மெதுவான குரலில்தான் உச்சரிக்கப்படும்.

ஒரு வெள்ளிக்கிழமை பகல், சாப்பாட்டு நேரத்தில் போனேன். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள்.

"கணக்கு ஐயா மகளா. வாங்க பிள்ளை," என்றார் முதலாளி. வாச்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கொழும்புலயா வாங்கினீங்க? நம்ம கடை கண்ணுக்குத் தெரியலயா?"

"போன இடத்துல வாங்கிட்டேன் முதலாளி. செயின் பெருசா இருக்கு. கொஞ்சம் குறைக்கணும்."

"சரிதான். கவர்ன்மென்ட் உத்தியோகம். கொழும்புச் சாமான்தான் கேக்கும்," என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்.

கடையின் உள்பக்கம், கண்ணாடித் தட்டிக்குப் பின்னால், திருத்த வேலை செய்கிற பாஸின் மேசை இருந்தது. கைவேலைக்காரரை எங்கள் ஊரில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். உக்குவளையைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர். ஊரில் பாதிப் பேரின் கடிகாரம் அவர் கையால் திறக்கப்பட்டதுதான். அன்றைக்கு முக்காலி காலியாக இருந்தது.

"பாஸ் இல்லீங்களா?"

"வெள்ளிக்கிழமையாச்சே. தொழப் பள்ளிக்குப் போயிருக்கார்."

"அப்ப நான் நாளைக்கு வர்றேன்."

"இதுக்கு எதுக்குப் பாஸ்? ரெண்டு கண்ணி கழட்டுற வேலை. நான் பாஸுக்கே வேலை சொல்லிக் குடுத்தவன்." வாச் ஏற்கெனவே அவர் கையில்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவருடைய அகன்ற முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முக்காலியில் உட்கார்ந்து, வெளியே நிற்கிறவர்களோடு தேர்த் திருவிழா வேலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே, சின்னச் சுத்தியலால் தட்டினார். ஒரு தரம் ஏதோ வழுக்கின சத்தம் கேட்டது. "ச்சு" என்றார். பெருவிரலால் அந்த இடத்தைத் தேய்த்தார். பிறகு வெளியே வந்து, வாச்சை என்னிடம் தராமல், என் கையைப் பிடித்துத் தானே மாட்டிவிட்டார். "இப்ப அளவு சரி. இதுக்கெல்லாம் நான் காசு வாங்குறதில்ல. அப்பாகிட்ட சொல்லுங்க," என்றார். நேரம் போய்விட்டிருந்தது. கந்தோருக்கு ஓடினேன்.

சுவிட்ச் போர்டுக்கு மேலே ஒரு பல்பு தொங்கும். அந்த வெளிச்சத்தில் கையை நீட்டியபோதுதான் கண்டேன். கொக்கியின் பக்கவாட்டில் மூன்று கோடு, பூனை பிறாண்டினது போல. அதற்குப் பக்கத்துக் கண்ணியில், ஆணி போகிற ஓட்டைக்கு அருகில், நகத்தால் அழுத்தினது போல ஒரு பிறைக் குழி. அந்தக் குழிக்குள் தங்க நிறம் இல்லை. நான் தடவிப் பார்த்தேன். விரலுக்கும் தட்டுப்பட்டது.

டியூட்டி முடிந்து நேரே கடைக்குப் போனேன். அப்போது பாஸ் தன் மேசையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். முதலாளி கல்லாவில் இருந்தார். வாச்சைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தேன்.

"முதலாளி, இதுல கீறல் விழுந்திருக்கு."

பார்க்காமலே சொன்னார். "வரும்போதே இருந்திருக்கும்."

"வரும்போது இல்ல. நான் தினமும் பாக்குற சாமான்."

"அப்ப கந்தோர்ல எங்கயாவது இடிச்சிருப்பீங்க. இரும்புப் பலகையில வேலை செய்யுறவங்கதானே."

"அது மரப்பலகை. நான் எங்கயும் இடிக்கல. நீங்க தட்டும்போது வழுக்குச்சு. எனக்குச் சத்தம் கேட்டிச்சு."

அப்போதுதான் வாச்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். அவருக்கும் தெரிந்தது. தெரிந்தது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு சிரித்தார்.

"பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கணும் பிள்ளை இத. இப்போதைக்கு யாரு உங்க கையைப் புடிச்சுப் பாக்கப் போறாங்க?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது, இன்னும் கல்யாணமாகவில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பாஸ் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அவர் சிரிக்கவில்லை. நான் வாச்சை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு வந்தது கோபம்தான். அழுகையாக இருக்கும் என்று அவர்கள் நினைத்திருப்பார்களே என்பது அதற்கு மேல் கோபம்.

வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கீறல்தானே. ஓடுதில்ல?" என்றார். ஓடாமல் போயிருந்தால் அதையும் சின்ன விஷயம் என்றுதான் சொல்லியிருப்பார். அம்மா, "வளையலை யாரு கீறப்போறா" என்றாள். அதற்கு மேல் அந்த வீட்டில் பேச ஒன்றுமில்லை.

ஆகவே வெளியே பேசினேன். மூடி வைக்க எனக்கு என்ன வந்தது. கந்தோரில் காட்டினேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது தெரிந்தவர்களிடம் காட்டினேன். கோவிலில் அர்ச்சனைக்கு வரிசையில் நின்ற பெண்களிடம் காட்டினேன். யார் செய்தது என்று கேட்டால் முதலாளி என்று சொன்னேன், அவர் சிரித்ததையும் சொன்னேன். சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். சிலர், இவளுக்கு வேறு வேலை இல்லை என்று முகத்தைத் திருப்பினார்கள். ஆனால் பேச்சு பரவியது. மாத்தளையில் ஒரு பேச்சு பரவ டெலிபோன் தேவையில்லை.

இதற்கிடையில் அந்த மனிதரின் குரல் தினமும் என் காதுக்குள் வந்தது. அவர் கடை நம்பரின் விளக்கு எரியும். நான் கயிற்றைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்ல வேண்டும். "கொழும்பு குடுங்க, கொஞ்சம் சீக்கிரம்" என்பார். என் குரல் அவருக்குத் தெரியும். தெரிந்தே, "மகள், உங்க வாச்ல இப்ப நேரம் என்ன?" என்று ஒரு நாள் கேட்டார். "லைன்ல இருங்க" என்றேன். அதைத் தவிர வேறு வார்த்தை சொல்ல எங்களுக்கு உத்தரவில்லை. அந்தக் கயிற்றைப் பிடுங்கிவிட்டால் அவர் காதில் வெறும் காற்றுதான் இருக்கும். நான் பிடுங்கவில்லை. ஒவ்வொரு ட்ரங்க் காலையும் வரிசைப்படி, ஒரு நொடி தாமதிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். அக்கா பக்கத்தில் இருந்து என் தாடையைப் பார்த்துவிட்டு, "பல் உடைந்துவிடும்" என்பார்.

பிறகு ஒரு மாலை அப்பா ஸ்டோரிலிருந்து சந்தோஷமாக வந்தார். சட்டையைக் கழற்றும் முன்பே என்னைக் கூப்பிட்டார்.

"கடிகாரக் கடை முதலாளி பெரிய மனுஷன்மா. மச்சான் கிட்ட சொல்லி அனுப்பியிருக்கார். உனக்காக அந்த ஆளையே நிப்பாட்டிட்டாராம்."

"எந்த ஆள?"

"பாஸத்தான். அவர்தான் செயினைக் கீறினவராம். முதலாளி விசாரிச்சு, உடனே போகச் சொல்லிட்டார். இனிமே நீ இதைப் பத்தி எங்கயும் பேசத் தேவையில்ல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என்னால் உட்கார முடியவில்லை.

"அவர் கடையிலயே இல்லப்பா. வெள்ளிக்கிழமை. பள்ளிக்குப் போயிருந்தார்."

"இருந்தார்னு முதலாளி சொல்றார்."

"நான் பாத்தேன்னு நான் சொல்றேன். நீங்க யாரை நம்புறீங்க?"

அப்பா சட்டையை மடித்து மடித்து வைத்தார். "நம்புறது வேற. நான் அவங்ககிட்ட வேலை செய்யுறவன்," என்றார். மகளுக்காக ஒரு முஸ்லிம் மனிதரின் பிழைப்பைக் கெடுத்த செய்தியை எனக்கு வெகுமதி மாதிரிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள், இவரும் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அன்றைக்கு நான் அப்பாவோடு அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருந்தால் பேசக்கூடாததைப் பேசியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி உக்குவளைக்குப் போனேன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில்தான் பாஸின் வீடு என்று ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் காட்டினார்கள். முற்றத்தில் ஜாதிக்காய் காய்ந்துகொண்டிருந்தது. பாஸ் சாரத்தோடு வெளியே வந்தார். என்னைக் கண்டதும் முகம் இறுகியது. அவர் மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவருகில் நின்றார்.

"என்ன விஷயம் தங்கச்சி?"

"உங்களை நிப்பாட்டினது எனக்கு அப்புறமாத்தான் தெரியும். நான் உங்க பேரைச் சொல்லவே இல்ல. முதலாளி செஞ்சார்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன்." வாச்சைக் கழற்றப் போனேன். "இந்தா பாருங்க, இதுதான்."

"அத என் கண்ணுல காட்டாதீங்க," என்றார். குரலை உயர்த்தவில்லை. "அந்த ஓர்லோச நான் தொட்டதும் இல்ல, கண்டதும் இல்ல. இனிமேலும் காணத் தேவையில்ல."

மனைவிதான் பேசினார். "நீங்க ஊரெல்லாம் காட்டாம ஈந்தா, இவருக்கு இந்தப் பழி வந்திருக்குமா புள்ள?"

"பழி போட்டது நானில்லயே."

"போட்டவர்ட்ட எங்களால போகேலுமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. "நான் போறேன்," என்றேன். "கடையில ஆட்கள் நிக்கும்போது போறேன். நீங்களும் வாங்க பாஸ்."

அவர் தலையாட்டினார், வரமாட்டேன் என்று. "எனக்கு வேற கடையில வேலை கேக்கணும். சண்டைக்காரன்னு பேரெடுத்துட்டுக் கேக்கேலாது. நீங்க கவர்ன்மென்ட்டுல இருக்கிறவங்க. உங்களுக்கு வாய் தொறந்து செல்லலாம்." தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார் மனைவி. குடித்தேன். திரும்பி வரும் ரயிலில், முதலாளியைப் பார்த்து என்ன பேசுவது என்பதை வரி வரியாக மனதில் எழுதிக்கொண்டே வந்தேன். சிங்களப் பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் பாடமாக்கவில்லை.

சந்தை நாளில் போனேன். கடை நிறைய ஆட்கள். முதலாளி கல்லாவில். கண்ணாடித் தட்டிக்குப் பின்னால் முக்காலி காலி. பக்கத்துப் புடவைக்கடை முதலாளியும் அங்கே நின்றார், தன் மேசைக் கடிகாரத்தை வாங்கிப் போக வந்திருந்தார். அவரும் முஸ்லிம். பாஸோடு ஒரே பள்ளிவாசலில் தொழுகிறவர்.

பாடமாக்கியது எல்லாம் மறந்துவிட்டது. வாச்சைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தேன்.

"முதலாளி, இந்தச் செயினைக் குறைச்சது யாரு?"

"அதுதான் முடிஞ்சு போச்சே பிள்ளை. அப்பாகிட்ட சொல்லி அனுப்பினேனே."

"நீங்க சொல்லி அனுப்பினது பொய். குறைச்சது நீங்க. நான் இங்கதான் நின்னேன். நீங்க அங்க உக்காந்திருந்தீங்க."

"நீங்க என்னத்தைக் கண்டீங்க? உங்களுக்கு வேலை தெரியுமா?"

"வேலை தெரியாது. உங்க முதுகு தெரியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு உங்க முதுகைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அன்னைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். பாஸ் பள்ளிக்குப் போயிருக்கார்னு நீங்களே உங்க வாயால சொன்னீங்க."

நான் புடவைக்கடை முதலாளியைப் பார்த்தேன். அந்த நேரத்தில் பாஸ் எங்கே இருந்தார் என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஒரு வார்த்தை போதும். அவர் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு மேசைக் கடிகாரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். முதலாளி மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த நிமிஷம் அவர் முதுகுக்குப் போனது.

முதலாளிக்கு இப்போது முகம் சிவந்திருந்தது. பெட்டியைத் திறந்து புதுச் செயின் ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டார். "இந்தாங்க. புதுசு. உங்க கீறலை விட விலை கூடினது. எடுத்துட்டுப் போங்க."

"எனக்குச் செயின் வேணாம். பாஸ் செய்யலன்னு சொல்லுங்க."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி நான் சொல்லிக்கிட்டே இருப்பேன். உங்களுக்கு அது காதுல விழும்."

"உங்கப்பா எங்க வேலை செய்யுறார்னு ஞாபகம் இருக்கா பிள்ளை?"

"இருக்கு. அதை இத்தனை பேருக்கு முன்னால கேட்டதும் நல்லது," என்றேன். வாச்சை எடுத்துக்கொண்டேன். செயினைத் தொடவில்லை. அவர் கடைசி வரை சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகு எப்போதும் இல்லை.

அடுத்த வாரம் போஸ்ட் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். திருகோணமலை வீதிக் கடைக்காரர் ஒருவர், அவருடைய ட்ரங்க் கால்களை நான் வேண்டுமென்றே தாமதிப்பதாக முறைப்பாடு செய்திருக்கிறாராம். சொந்தப் பகையாம். நான் வாயைத் திறக்கும் முன்பே, கூட வந்திருந்த அக்கா பேசினார். "ஐயா, நான் இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மனிதருக்கு இவள் கொடுக்கிற மாதிரி விரைவாக நான் என் சொந்தப் புருஷனுக்குக்கூட லைன் கொடுத்ததில்லை."

போஸ்ட் மாஸ்டர் நல்லவர். நல்லவர்கள் செய்கிறதைத்தான் அவரும் செய்தார். முறைப்பாட்டில் உண்மையில்லை என்று ஒத்துக்கொண்டார். ஒரு செயின் கீறல் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம் என்றார். ஊரில் பெரிய மனிதரோடு மனத்தாங்கல் இருக்கும்போது நான் கொஞ்ச காலம் வேறு இடத்தில் இருப்பது எனக்கே நல்லது என்றார். கலேவெலவில் ஆள் தேவைப்படுகிறது, தண்டனை இல்லை, சாதாரண மாற்றம்தான் என்றார். பொய் சொன்னவர் கல்லாவில் இருப்பார், அவருடைய போனுக்கு வேறொரு குரல் பதில் சொல்லும், நான் பெட்டியைக் கட்ட வேண்டும். இதற்குப் பெயர் சாதாரண மாற்றம். "தண்டனை இல்லையென்றால் அவர் சொன்னது பொய் என்று அவருக்கு எழுதுவீர்களா ஐயா?" என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

நான் கிளம்ப முன் வீதியில் ஒரு மாற்றம் நடந்தது. புடவைக்கடை முதலாளி தன் கடை விறாந்தையின் ஒரு மூலையை ஒதுக்கி, பாஸுக்கு ஒரு சின்ன மேசை போட்டுக் கொடுத்தார். வாய் திறக்காத மனிதர் அதைச் செய்தார். அதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விறாந்தை தேவைப்பட்டிருக்காது. ஆனால் ஆட்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். பழைய கடையில் திருத்தக் கொடுத்தவர்கள் கண்ணாடித் தட்டிக்குப் பின்னால் யாரையும் காணாமல், இரண்டு எட்டு நடந்து விறாந்தைக்கு வந்தார்கள்.

ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போனபோது பாஸ் கூப்பிட்டார்.

"கலேவெலக்கு மாத்திட்டாங்களாமே."

"ஆமா பாஸ்."

"உள்ளதச் செல்றேன் தங்கச்சி. அங்க எனக்கு நிழல்ல வேலை இருந்திச்சு. இங்க மழைத் தூறல் விழுது. தூசி விழுது. ஓர்லோசுக்குத் தூசி ஆகாது." மேசையில் இருந்த தூசியைப் புறங்கையால் துடைத்தார். "ஆனா நீங்க அங்க போய்ச் செல்லியிருக்காட்டி, சாமானைக் கீறுற வேலைக்காரன்னு பேரெடுத்து நான் உக்குவளையிலயே இருந்திருப்பேன். ரெண்டும் இருக்கு."

நன்றி என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் சொன்னதில் இரண்டு பக்கமும் உண்மைதான், அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவன் தன் கை வழுக்கியதை ஒத்துக்கொள்ளாததற்கு எத்தனை பேர் இடம் மாறி உட்கார வேண்டியிருக்கிறது.

கலேவெலவுக்குப் போகிற அன்று காலை அப்பா பஸ் நிலையத்துக்கு என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடையில் நான் பேசிய நாளிலிருந்து நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஸ்டோரில் அவரை நிறுத்தவில்லை. ஆனால் முதலாளியின் மச்சான் அவரோடு நேரில் பேசுவதை விட்டுவிட்டு, வேறு ஆள் மூலம் வேலை சொல்லத் தொடங்கியிருந்தார். அதையும் அம்மாதான் எனக்குச் சொன்னாள். நான் பேசினதால் ஒரு சம்பந்தமும் நின்று போயிருந்தது. கடையில் சண்டை போட்ட பெண்தானே என்று கேட்டார்களாம். ஆமாம் என்று சொல்லுங்கள் என்றேன்.

தம்புள்ளைப் பக்கம் போகிற பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. மரக்கறி ஏற்றப் போகிறவர்களின் வெற்றுக் கூடைகள் கூரையில் அடுக்கியிருந்தன. அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தோளைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்னு போச்சு. பாஸ்கிட்ட குடுத்திருக்கேன். விறாந்தையில."

"ஸ்டோர்ல அது தெரியுமா?"

"பகல்லதான் தூக்கிட்டுப் போனேன். கடைக்கு முன்னாலதான் போனேன். கண்டிருப்பாங்க."

அவர் அதைச் சொன்னதும் எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை.

"இதை அவரை நிப்பாட்டின அந்த வாரமே செஞ்சிருக்கலாம்பா," என்றேன்.

"செஞ்சிருக்கலாம்," என்றார். பெட்டியைத் தூக்கிக் கூரையில் இருந்தவரிடம் கொடுத்தார். கூடைகளுக்கு நடுவில் அது விழாமல் இருக்கக் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றச் சொல்லிச் சத்தம் போட்டார். அந்த ஆள் சோம்பலாகக் கட்டவே, தானே ஏணியில் ஏறி முடிச்சுப் போட்டார். நான் ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன்.